அரைக் கிலோச் சித்திரசாலை

நடைப்பயணம் என்றதும் மலையும் சிகரமும் மனத்தில் எழுவது இயல்பு. அவ்வகையில் இயற்கை நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டது என்றே சொல்லவேண்டும். மலை என்ற பெயரைச் சூடிக்கொண்டு இங்கே கீரிமலை இருக்கின்றது. அங்கே மலையைத் தேடிச் செல்பவர் கடலையும் கேணியையும் கண்டு திரும்புவர். சுண்ணக்கற்பாறையின் மேல் தட்டையாகப் பரந்து கிடக்கும் இந்நிலத்தில் ஏறுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நடப்பதற்கு இடமுண்டு. நின்று பார்ப்பதற்கோ மிகுதியாக உண்டு. மலைநாட்டில் நடப்பவன் தொலைவில் உள்ளதைப் பார்க்கின்றான். சமநிலத்தில் நடப்பவன் அருகில் உள்ளதைப் பார்த்தாகவேண்டும். அருகில் உள்ளதைப் பார்ப்பது எளிதென்று எண்ணுகின்றோம், அதுவே அரிது.

நெடுநடை நமக்குப் புதிதுமன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமம் வரை கால்நடையாகவே செல்லும் அடியார் கூட்டத்தை இன்றும் ஆண்டுதோறும் காணலாம். அவர்கள் தோளில் தொங்குவது ஒரு சிறு மூட்டை. எதை வீட்டில் விட்டுச் செல்வது என்பதே நெடுந்தூரம் நடப்பவன் கற்றுக்கொள்ளும் முதற் பாடம். அந்தப் பாடத்தைச் சித்திரப் பெட்டிக்கும் பொருத்திப் பார்ப்போமாக. அரைக் கிலோ எடைக்குள் அடங்கும் வரைபொருள்களைப் பையிலிட்டு, விடுமுறை நாட் காலையில் நாலைந்து கிலோமீற்றர் நடந்து, கண்டவற்றை வரைந்து வருதலே இக்கிழமை நாம் சொல்லவந்த செய்தி.

“கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் படம் பிடிக்கலாமே! வெயிலில் குந்தியிருந்து கீறுவானேன்?” என்று இளைஞர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். இதற்கு விடையாக ஒரு சிறு சோதனையை வாசகர்கள் முன் வைக்கின்றோம். நாம் சித்திர ஆசிரியர் அல்லோம். கல்லூரியிற் புவியியல் கற்பிப்பவர். ஒரு நாள் எம் வகுப்பு மாணவரை நோக்கி, அவரவர் வீட்டுப் படலையை நினைவிலிருந்து வரையுமாறு சொன்னோம். நாளொன்றுக்கு நான்கு முறையேனும் அவர்கள் திறந்து மூடும் படலை அது. கொண்டி எந்தப் பக்கம் இருக்கின்றது, படலை உட்புறமாகத் திறக்குமா வெளிப்புறமாகத் திறக்குமா, சட்டங்கள் எத்தனை என்பவற்றைப் பெரும்பாலானோர் அறியாது திகைத்தனர். அவர்களுள் பலரது கைத்தொலைபேசியில் அதே படலையின் முன் நின்று எடுத்த படங்கள் இருந்தன. படம் இருந்தது, பார்வை இருக்கவில்லை. வரைய முற்படும் கையோ, “இந்தச் சட்டம் எங்கே போய் முடிகின்றது? இந்தக் கயிறு எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது?” என்று கண்ணைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். விடை தெரியாமற் கோடு நகராது.

இவ்வாறு பார்க்கத் தவறுவதால் என்ன குடி முழுகிவிடும் என்று எண்ணவேண்டாம். நம் நாட்டில் உண்மையாகவே குடி முழுகியிருக்கின்றது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். அதே 1990 இல் முஸ்லிம் மக்கள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆண்டுகள் பல கழிந்து திரும்பியோருள் எத்தனையோ பேர் தம் வீட்டைக் காணவில்லை; அது நின்ற இடத்தையே கிணற்றை அடையாளம் வைத்துத்தான் கண்டுபிடிக்க நேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறை சார்ந்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த பலரிடம் அவர்தம் இழந்த வீட்டின் தள அமைப்பை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றை 2011 இல் நூலாக வெளிக்கொணர்ந்தார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அந்நூலின் ஆங்கிலப் பெயரின் பொருள். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத் தோம்பிலே காணியின் எல்லை இருக்கும். மாமரம் நின்ற மூலை இராது. ஓவியப் பயிற்சி சற்றும் இல்லாத தாய்மாரும் தந்தைமாரும் தம் கையால் இழுத்த கோடுகளிலேதான் அந்த மூலைகள் தங்கியிருக்கின்றன.

கட்டடங்கள் அழிந்தபின் சித்திரம் மிஞ்சுவது பழைய கதை. 1672 இல் வெளிவந்த பல்தேயஸ் பாதிரியாரின் ஒல்லாந்த நூலிலே தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களின் தேவாலயங்கள் செப்புத்தகட்டுச் சித்திரங்களாகக் காணப்படுகின்றன. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் அவ்வூர்களின் கோவில் முற்றம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிய அவையே நமக்கு உள்ள சாளரம். அயர்லாந்து தேசத்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல் என்பார் கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பிக்க வந்தவர்; 1848 இல் ஐந்து கிழமைகள் இலங்கைக் காடுகளினூடே பயணம் செய்து பண்டை நகரங்களின் இடிபாடுகளை வரைந்தார். அவ்வாண்டின் கிளர்ச்சி அந்தப் பயணத்தின் நடுவே மூண்டது. ஆயினும் சித்திரங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. இதற்கு மாறாக, யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயத்தை எண்ணிப் பாருங்கள். போர்க்காலத்தில் அது இடிந்து போயிற்று. அதன் வாயிலருகே ஒரு மணி நேரம் அமர்ந்து வரைந்தவர் நம்முள் எத்தனை பேர்?

இனி, பையில் வேண்டியவை எவை என்று பார்ப்போம். முதலாவது, உள்ளங்கையிலும் சற்றுப் பெரிதான, தடித்த அட்டையிட்ட சித்திரக் கொப்பி. நீர்வர்ணம் தீட்டுவதாயின் தாள் தடிப்பாக இருத்தல் வேண்டும். மெல்லிய தாள் நனைந்ததும் அப்பளம் போல் நெளிந்துவிடும். இரண்டாவது, இரண்டு பென்சில்கள், ஒன்று எச்.பி., மற்றது மென்மையான 4பி. மூன்றாவது, நீரிற் கரையாத மை கொண்ட ஒரு பேனை. நான்காவது, பன்னிரண்டு வில்லைகள் கொண்ட சிறு வர்ணப்பெட்டி. அதுவும் இயலாவிடின், வெறுமையான இனிப்புத் தகரப்பெட்டி ஒன்றினுள் ரியூப் வர்ணங்களைச் சிறிது சிறிதாகப் பிதுக்கிக் காயவைத்தாற் போதும். ஐந்தாவது, ஒரு தூரிகை. கைப்பிடியினுள்ளே நீர் நிரப்பக்கூடிய தூரிகைகள் இப்போது கிடைப்பதால், தனியே நீர்ச்சிமிழும் வேண்டியதில்லை. இவற்றோடு ஒரு பழந்துணி, ஓர் அழிறப்பர், தாளைப் பற்றிக்கொள்ள இரண்டு கவ்விகள். யாவற்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். அரைக் கிலோவைத் தாண்டாது. குடிநீரும் தொப்பியும் இதற்குப் புறம்பு. பலகைத் தாங்கி, பெரிய வர்ணப்பெட்டி, மடிப்பு நாற்காலி என்று சேர்த்துக்கொண்டே போனால் முதல் ஞாயிறு அவை யாவும் வரும். மூன்றாம் ஞாயிறு அவற்றோடு நாமும் வீட்டிலேயே தங்கிவிடுவோம்.

இவ்வளவு சிறிய பெட்டிக்குள் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கின்றது என்பதை மாணவர் அறிதல் நன்று. ஒரு காலத்தில் ஓவியர் தம் வர்ணத்தைத் தாமே அரைத்துக் குழைக்கவேண்டியிருந்தது. 1780 ஆம் ஆண்டளவில் இலண்டனில் வில்லியம் ரீவ்ஸ் என்பவர் நீர்வர்ணத்தைச் சிறு வில்லைகளாக்கி விற்கத் தொடங்கினார். 1841 இல் ஜோன் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரத்தாற் செய்த ரியூப் ஒன்றை அமைத்து, எண்ணெய் வர்ணம் காயாமற் காத்தார். அதன் பின்னரே பிரான்சிய ஓவியர் கூட்டம் கூட்டமாக வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் செல்லலாயினர். பென்சிலின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் நடுவே இருப்பது ஈயமன்று. காரீயம் என்று நாம் வழங்கும் ஒருவகைக் கரி. 1795 இல் பிரான்சு தேசத்துக் கொன்ரே என்பார் காரீயத்தூளைக் களிமண்ணோடு கலந்து சுடும் முறையைக் கண்டார். களிமண் கூடினால் பென்சில் வன்மையாகும், குறைந்தால் மென்மையாகும். அந்தக் காரீயத்தின் மிகத் தூய வகை நம் இலங்கைத் தீவின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிற் கிடைக்கின்றது. உலகெங்கும் சென்ற அப்பொருள் நம் பையிலும் ஒரு பென்சிலாக இருந்தால் தவறில்லை.

எங்கே செல்வது? மூன்று வழிகளைக் குறிப்பிடுகின்றோம். நகரத்தார் நல்லூரிலிருந்து தொடங்கலாம். மந்திரிமனையின் மரவேலைப்பாடும், அதற்கு அண்மையில் உள்ள யமுனா ஏரியும் ஒரு காலைக்குப் போதுமானவை. அக்கேணி ‘ப’ என்னும் எழுத்தின் வடிவில் அமைந்தது என்பதை வாசித்து அறிந்தோர் பலர். கரையைச் சுற்றி நடந்து அதன் வரைபடத்தைக் கொப்பியில் இட்டபோதே மாணவர்க்கு அது விளங்கிற்று. வடமராட்சியார் பருத்தித்துறைத் தெருமூடிமடத்தை நாடலாம். வீதியின் இருபுறமும் திண்ணைகளும், வீதிக்கு மேலே கூரையுமாக அமைந்த அம்மடம், நடப்பவனுக்கு நிழல் கொடுப்பதை அறமாகக் கொண்ட ஒரு காலத்தின் கல்லெழுத்து. உண்மையான ஏற்றத்தையும் இறக்கத்தையும் விரும்பும் கால்களுக்கு வடமராட்சி கிழக்கிலே மணற்காடு இருக்கின்றது. அங்குள்ள மணற்குன்றுகளே நமக்கு மலைத்தொடர். மணலிற் புதையுண்டு நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும், அப்பாற் சவுக்கமரங்களும், அவற்றுக்கப்பாற் கடலும் வரைபவன் கையைச் சும்மா இருக்க விடா.

ஆனால் பெயர்பெற்ற இடங்களை மட்டும் நாடவேண்டியதில்லை. பேரிடங்களைப் பிறரும் வரைவர். நம் ஒழுங்கையை நாம் வரையாவிடின் வேறு யார் வரைவார்? கிடுகு வேலி மறைந்து மதில் எழுகின்றது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதிகாலாக நின்ற எல்லைகளிற் சீமெந்துக் கற்கள் நிற்கின்றன. வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறக் கூரையும் திண்ணையும் வைத்த சங்கடப்படலை அருகிவிட்டது. மாடுகள் உடலை உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக்கல் சில இடங்களிற் பற்றைக்குள் மறைந்து கிடக்கின்றது. இவற்றைத் தடுத்து நிறுத்தவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. மதிலுக்கும் அதன் நியாயம் உண்டு. போகின்ற பொருளின் முகத்தை ஒரு முறை பார்த்து வழியனுப்புதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

சுமைதாங்கியை எடுத்துக்கொள்வோம். வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக உறவினர் நாட்டும் கல் அது என்பதைப் பலர் அறிவர். எம்முடன் நடந்துவந்த மாணவன் ஒருவன் அத்தகைய கல்லொன்றை வரைந்துகொண்டிருந்தான். அளவு பார்ப்பதற்காகத் தன் தோழனை அதன் அருகில் நிற்கச் சொன்னான். கல்லின் மேற்பரப்பு தோழனின் தோளுக்கு நேராக நின்றது. “சேர், தலையில சுமையோட வாற ஆள், ஆற்றையும் உதவி கேளாமல் இறக்கி வைக்கிற உயரம்!” என்றான். இறக்கிவைக்க இயலாத சுமையோடு போனவளின் பெயரால், வழியிற் செல்வோர் அனைவரும் தம் சுமையை இறக்கிவைக்க ஓரிடம். அதனை எந்தப் பாடநூலும் அவனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது. நீட்டிய கையில் ஒரு பென்சில், அருகில் ஒரு தோழன், பத்து நிமிடப் பொறுமை, இவை சொல்லிக்கொடுத்தன.

வரைபவனைச் சுற்றி மனிதர் கூடுவர், அதற்கு நாணவேண்டாம். தோட்டக் கிணறொன்றின் பழைய துலாவை மற்றொரு மாணவன் வரைந்தபோது, மண்வெட்டியோடு வந்த முதியவர் ஒருவர் கொப்பியை எட்டிப் பார்த்தார். “தம்பி, நல்லாத்தான் கீறியிருக்கிறீர். ஆனா, அச்சுலக்கை இல்லாமல் ஆடுகாலிலை துலா எப்பிடி நிக்கும்?” என்று சிரித்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆடுகால் எந்த மரத்தில் வெட்டுவது, துலா மிதிப்பவர் எவ்வாறு முன்னும் பின்னும் நடப்பார் என்று அரைமணி நேரம் விளக்கினார். துலா மிதித்தவர்களின் தலைமுறை குறைந்துகொண்டே வருகின்றது. புகைப்படம் எடுத்துச் செல்பவனிடம் அம்முதியவர் பேசியிருக்கமாட்டார். பிழையாக ஒரு கோடு இழுத்தவனைத் திருத்தாமல் போக அவரால் முடியவில்லை.

நுட்பம் பற்றிச் சில சொற்கள். காலை ஆறரை முதல் ஒன்பது மணி வரை நிழல் நீண்டு பொருள்களுக்கு உருவம் கொடுக்கும். உச்சி வெயிலில் யாவும் வெளிறித் தட்டையாகிவிடும். சோளகம் வீசும் மாதங்களிற் கவ்வியின்றிக் கொப்பியைத் திறக்காதீர்கள். மணலும் தாளும் ஒன்றாகப் பறக்கும். நம் வெயிலில் வர்ணம் விரைந்து காயும். எனவே சிறு பரப்பாகத் தீட்டுங்கள். கையின் வியர்வை தாளிற் படாதிருக்க மணிக்கட்டின் கீழே ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள பச்சையை அப்படியே எடுத்துப் பனையோலைக்குப் பூசாதீர்கள். பனையின் பச்சையிற் சாம்பல் கலந்திருக்கும். நீலத்தோடு செங்கபிலத்தைக் கலந்தால் பனைமரத்தின் அடிக்கும் சுண்ணக்கல்லுக்கும் ஏற்ற சாம்பல் நிறம் கிடைக்கும். வலிகாமத்துச் செம்மண்ணைக் காட்டுவதற்கு வர்ணமே தேவையில்லை. விரல்நுனியில் ஒரு துளி நீரும் ஒரு சிட்டிகை மண்ணும் எடுத்துத் தாளில் தேயுங்கள். அது போல உண்மையான நிறத்தை எந்தக் கடையும் விற்காது. வரைந்து முடிந்ததும் இடம், நாள், நேரம், பொருளின் பெயர் ஆகியவற்றை அடியிற் குறித்துவிடுங்கள். பிறர் வளவுக்குள் நுழையுமுன் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். படைமுகாம்களின் அயலிற் கொப்பியைத் திறக்கவேண்டாம்.

இவ்வழியில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1938 இல் எஸ். ஆர். கனகசபை அவர்கள் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவி, ஆசிரியர்களையும் ஆர்வலர்களையும் ஒன்றுகூட்டினார். குருநகரைச் சேர்ந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000) தாமும் இடைவிடாது வரைந்து, இளையோர் பலருக்கும் வரையக் கற்பித்தார். இடப்பெயர்வுகளுக்கிடையே அவருடைய ஓவியங்கள் பல தொலைந்துபோயின. ஓவியமும் அழியக்கூடியதே என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தாள் அழிந்தாலும் பார்க்கக் கற்ற கண் அழிவதில்லை. மாற்குவிடம் கற்றவர்கள் இன்றும் வரைகின்றார்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். “க.பொ.த. சோதனை இருக்கின்றது, ஞாயிறும் ரியூசன் இருக்கின்றது, படம் கீறி என்ன காண்பது?” என்று நீங்கள் கேட்பதை நாம் அறிவோம். நாமும் சோதனைக்கு மாணவரை ஆயத்தப்படுத்துபவரே. ஒரு பொருளைக் கூர்ந்து நோக்கி, அளந்து, தேவையற்றதை விலக்கி, முக்கியமானதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் உயிரியலுக்கும் பௌதிகத்துக்கும் புவியியலுக்கும் வேண்டாமா? மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கொடுங்கள். இயலுமாயின் நீங்களும் உடன் செல்லுங்கள். பிள்ளை வேலியை வரையட்டும். அந்த வேலியின் எப்பொட்டினூடாக நீங்கள் சிறுவயதிற் புகுந்து பக்கத்து வீட்டு மாங்காய் பறித்தீர்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். அதுவும் கொப்பியில் ஏறட்டும்.

பெட்டி வாங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைய பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ஒரு பென்சிலும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு உங்கள் படலைக்கு வெளியே சென்று அமருங்கள். கொண்டி எந்தப் பக்கம் என்று பாருங்கள். வரைந்ததன் அடியில் இன்றைய திகதியை மறவாது எழுதுங்கள். கோடு கோணலாக இருந்தாற் பாதகமில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனைக் கையிலெடுக்கும் உங்கள் பேரப்பிள்ளை, கோணலைப் பார்க்கமாட்டான், படலையைத்தான் பார்ப்பான்.